சப்பாத்தைக் கழற்றியவர்கள்

நவம்பர் 14, வெள்ளி

என் சம்பளத்தைக்கூடச் சரியாக விசாரிக்காமல் கடன் தந்த வங்கி, வட்டி ஏறி நாங்கள் கட்ட முடியாமல் போனதும் ஒரேத்தோ தெருவிலுள்ள இந்த வீட்டை ஏலத்தில் போட்டுவிட்டது. மேல்வீட்டுக்கும் இதே கதைதான்.

இன்று ஆட்கள் பார்க்க வந்தார்கள். இத்தாலியர்கள் சப்பாத்தோடு எல்லா அறைக்குள்ளும் நடந்தார்கள். பற்றிக்கொண்டு வந்தது. கடைசியாக வந்த தம்பதி வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார்கள். எங்கள் ஆட்கள். கோயிலில் கண்ட முகங்கள்.

“அக்கா, உங்கடை வீடெண்டு சத்தியமாத் தெரியாது,” என்றாள் அந்தப் பெண்.

“பரவாயில்லை, பாருங்கோ,” என்றேன்.

போகும்போது மெல்லக் கேட்டாள்: “சாமிப்படம் எங்கை வைச்சிருக்கிறியள்?”

காட்டினேன். கும்பிட்டாள். புருஷனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

மாலையில் அங்கே விளக்கேற்றினேன். இந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு நல்லது செய் என்றுதான் தினமும் கேட்பேன். இன்று வாய் வரவில்லை.