அவர் படத்துக்குக் கீழே ஒரு வரி

வெள்ளிக்கிழமை, இரவு

அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பேப்பரில் நினைவஞ்சலி போட வேண்டும். படத்துக்குக் கீழே எழுத மகள் கவிதா போனில் பொன்மொழி தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது நல்லாருக்கு. 'அறிவே மனிதனின் அழியாத செல்வம்.'"

நல்ல வார்த்தைதான். ஆனால் யார் படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்தும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"உங்கப்பா இப்படியெல்லாம் பேச மாட்டாரே."

"பின்ன என்னதான் சொல்வாரு?"

வீட்டில் யார் சண்டை போட்டாலும் அவர் சொல்வதைச் சொன்னேன். "முதல்ல சாப்பிடு, அப்புறம் கத்து. பசியில நியாயம் தெரியாது."

"ஐயோம்மா, இதைப் போட்டா எல்லாரும் சிரிப்பாங்க லா."

"சிரிக்கட்டும். அவரைத் தெரிஞ்சவங்கதானே சிரிப்பாங்க."

கவிதா அவர் படத்தைப் பார்த்தாள். பிறகு, "அப்பா சொல்ற மாதிரியே சொல்லுங்கம்மா, டைப் பண்றேன்" என்றாள்.

அவர் மாதிரி சொல்லத்தான் பார்த்தேன். என் குரல்தான் வந்தது. அவள் அதையே டைப் பண்ணிக்கொண்டாள்.