பெயரில் ஒரு சாய்கோடு

14 அக்டோபர் 1986, செவ்வாய்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் கம்ப்யூட்டர் தள்ளிவிட்ட இன்சூரன்ஸ் விண்ணப்பத்தோடு குவீன்ஸ்டவுனிலிருந்து ஒரு பெரியவர் கவுண்டருக்கே வந்துவிட்டார். முருகையா s/o வேலு. "என் பேருல என்னம்மா தப்பு?" என்றார்.

தப்பு அவர் பெயரில் இல்லை. பெயரைச் சரிபார்க்க நாங்கள் எழுதிய பேட்டர்ன் எழுத்தையும் இடைவெளியையும் மட்டுமே ஏற்கும். சிங்கப்பூரில் அப்பா பெயருக்கு முன்னால் நாம் போடும் s/o, d/o-வில் சாய்கோட்டைக் கண்டாலே வெளியே தள்ளிவிடும்.

அதையும் சேர்த்துவிடலாம், ஒரு வரி வேலைதான் என்று சூப்பர்வைசர் ஸ்டீபனிடம் சொன்னேன். அவரும் தமிழர்தான். "அது ஸ்பெஷல் கேரக்டர் லா. அப்பா பேர எடுத்துட்டு எழுதித் தரச் சொல்லு" என்றார்.

போன மாதம் புது வெள்ளைக்கார மேலாளர் ஓ'கானரின் பெயரையும் இதே பேட்டர்ன்தான் தள்ளியது. ஓ-வுக்குப் பக்கத்தில் மேலே நிற்கும் அந்தச் சின்னக் குறிதான் காரணம். மதியச் சாப்பாட்டுக்குள் ஸ்டீபன் தன் கையாலேயே அதைச் சேர்த்துவிட்டார்.

பெயரை மாற்றி எழுதிக் கொடுங்கள் சார் என்று ஓ'கானரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதுதானே.