அறுபது வரை எண்ணு

என் பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, தம்பி, நான் மூவரும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. நன்றாக என்ற வார்த்தையை இந்த முறை யோசித்துத்தான் எழுதினேன், ஏன் என்று கீழே சொல்கிறேன், பதறாமல் படி. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டால் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டுவிட்டு முக்கியமானதை விழுங்கிவிடுவேன். நீ வெளிநாடு போய் நான்கு வருடம் ஆகிறது, இன்னும் உன் அறைக் கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திறக்கிறேன், தம்பி கேலி செய்கிறான்.

எங்கள் சுகாதார நிலையத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பயிற்சி நடக்கிறது என்று சொன்னேனே, மாடி அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நாங்கள் பன்னிரண்டு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நோட்டுடன் உட்கார்ந்திருக்கிறோம். முதல் வாரம் தண்ணீர்க் குழாய்த் துண்டின் அடியில் கருப்பை வாயின் படத்தை ஒட்டி, டார்ச் அடித்துப் பார்த்துப் பழகினோம். வீட்டிலும் ஒன்று கொண்டுவந்து பழகினேன், அப்பா பார்த்துவிட்டு சமையலறைக் குழாயும் ஒழுகுகிறது, அதையும் பார்த்துவிடு என்றார். சோதனை சின்னதுதான், நீர் கலந்த வினிகரைப் பஞ்சில் தொட்டு கருப்பை வாயில் வைத்து முழுதாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும், மாற்றம் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை தெரிந்தால் புற்றுநோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, வரவிடாமல் தடுக்க நமக்கு நேரம் இருக்கிறது என்று அர்த்தம்.

பெண்களைக் கூட்டிவருவதும் எங்கள் வேலை. உன் பள்ளிச் சீருடையை வளர்ற பொண்ணு என்று சொல்லிக் கணுக்கால் வரை தைத்துக் கொடுத்தாளே, அந்தத் தையல்காரம்மாவிடம் மூன்று முறை போனேன். மூன்றாம் முறை கழுத்தில் டேப்போடு நிமிர்ந்து, நீங்கள் பார்த்துக்கொண்டீர்களா என்று கேட்டாள். பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அப்படியானால் சீட்டைக் காட்டுங்கள் என்றாள். என்னிடம் ஏது சீட்டு? ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நான் கூச்சத்தில் வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை, முதலில் நீங்கள் போங்கள், பின்னாடியே வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அப்படித்தான் போன செவ்வாய்க்கிழமை நானே படுத்தேன். பார்த்தது புது நர்ஸ், என்னிடம் ஊசி போடக் கற்றுக்கொண்ட பெண். அவளுக்கு என்னைவிடக் கூச்சம், நானும் சீக்கிரம் முடிம்மா என்று அவசரப்படுத்தினேன். நாற்பது வரை எண்ணியவள், ஒண்ணுமில்லக்கா, எழுந்திருங்க என்று விளக்கை அணைக்கப் போனாள். பின்னால் நின்ற, எங்களுக்குப் பயிற்சி தரும் டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "அக்காவா இருந்தாலும் அறுபதுன்னா அறுபதுதான்மா" என்றார். மிச்சம் இருபதை அவள் மெதுவாக எண்ணினாள். கூரையில் மின்விசிறியைப் பார்த்தபடி உன்னைத்தான் நினைத்தேன், உன் கை என் கைக்குள் இருந்தால் போதும் என்று இருந்தது. ஐம்பத்தைந்தில் அவள் குரல் நின்றது. வெள்ளை தெரிந்தது.

பயப்படாதே. டாக்டரம்மா நன்றாகப் பார்த்துவிட்டு, அன்றே ஒரு சின்னக் கருவியால் சூடு வைத்து அந்த இடத்தை மட்டும் அழித்துவிட்டார், வலி கொஞ்சம்தான். ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சொன்னபடி பின்னாடியே வந்து பார்த்துக்கொண்ட தையல்காரம்மாவுக்கு ஒன்றும் இல்லை. பஸ்ஸில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு வீடுவரை வந்தாள், நீ உட்கார வேண்டிய இடம் அது என்று நினைத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நர்ஸ் மறுநாள் அழுதாள். தப்பில் பாதி என்னுடையது என்றேன்.

உனக்கு முப்பது முடிந்துவிட்டது, இந்தச் சோதனை செய்துகொள்ள வேண்டிய வயது. இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் பேச்சை மாற்றினாய், அது என் புத்திதான், வேறு யாரிடமிருந்து வரும்? அங்கே வேறு மாதிரி சோதனை இருக்கலாம், குச்சியில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்களாம், எதுவானாலும் செய்துகொள். போகும் நாளையும் நேரத்தையும் மறக்காமல் எழுது. நம் இரண்டு ஊர் நேரத்தையும் சரிபார்த்து வைத்துக்கொள்கிறேன். நீ உள்ளே போகும்போது நான் எங்கே இருந்தாலும், எந்த வேலையில் இருந்தாலும், நின்று அறுபது வரை எண்ணுவேன். ஒன்றுகூடக் குறைக்க மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். உன் தேதிக்காகக் காத்திருக்கும்,

உன் அம்மா