ஆலை முதலாளியின் பழக்கூடை

ஏப்ரல் 1, செவ்வாய்

என் ஜன்னலோரத்துக்கு,

கேள்வித்தாள் வெளியாகிவிட்டதாம், விசாரணை முடியும்வரை நீ கல்லூரிப் பக்கமே வரக்கூடாதாம். கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாமே, அதனால்தான் கடிதம், ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன். தாள் தயாரித்தவள் நீ என்றால் வெளியே விட்டதும் நீதானா? பத்தொன்பது வருஷம் ஆங்கில இலக்கியம் நடத்தியவளுக்கு இதுதான் மரியாதையா?

வேண்டுமானால் குழுவுக்கு நற்சான்று எழுதித் தருகிறேன். என் டியூஷன் பிள்ளைகளும் 'பாவம் மிஸ் அவங்க' என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வருகிறேன். சாப்பிடாமல் கிடக்காதே.

அதே பெஞ்சின் மறுமுனை,
வழியோரம்

ஏப்ரல் 3, வியாழன்

வழியோரமே,

பழம் வேண்டாம்.

நேற்றுக் குழுவில் முப்பத்தொரு விடைத்தாள்களை என் முன்னால் போட்டார்கள். எல்லாவற்றிலும் ஒரே கேள்விக்கான பதில். அந்தப் பழைய ஆங்கில நாவலின் ஆலை முதலாளி உனக்கு நினைவிருக்கும். விளக்கை அணைக்காமல் போய் ஆலையை எரியவிட்டவர் அவர், ஜெயிலுக்குப் போனவன் காவல்காரன். முதலாளி வாயைத் திறக்கவில்லை. ஞாயிறுதோறும் காவல்காரன் வீட்டுக்குப் பழக்கூடை மட்டும் கொண்டுபோனார். 'அவர் நல்லவரா?' என்று கேட்டிருந்தேன்.

முப்பத்தொரு பேரும் கமாகூடப் பிசகாமல் எழுதியிருந்தார்கள்: 'தன் குற்றத்துக்கு இன்னொருவன் தண்டனை பெறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவன், இரண்டாவது குற்றம் செய்கிறான்.'

"இது யாரோட வாக்கியம்னு தெரியுதா மேடம்?" என்றார் குழுத் தலைவர். தெரியாது என்றேன். பொய். படிக்கிற காலத்தில் நீ பரீட்சையில் எழுதியது. பொறாமையில் அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

நீ என் வீட்டுக்கு வந்த அன்று, போன் பேச நான் மாடிக்குப் போனேனே. தாளை அப்போதா பார்த்தாய்?

திங்கள் பத்து மணிக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் நீயாகப் போய்ச் சொல்லிவிடு.

ஜன்னலோரம்

ஏப்ரல் 4, வெள்ளி

ஜன்னலோரத்துக்கு,

ஆமாம், அப்போதுதான். பூட்டி வைக்க வேண்டிய தாளை மேசையில் மல்லாக்கப் போட்டுவிட்டுப் போனது யார்? என் கண்ணில் பட்டது அந்த ஒரு கேள்விதான். பாதிப் பிள்ளைகள் எதிர்த்தெரு டியூஷனுக்குப் போய்விட்டார்கள், புத்தி கெட்டுவிட்டது. மறுநாளே பதிலை எழுதப் போட்டேன். அந்தக் கழுதைகள் ஒரு வார்த்தையாவது மாற்றி எழுதக்கூடாதா!

நான் சொன்னால் என் பிழைப்பு போச்சு. உன்னை மிஞ்சிப்போனால் இடம் மாற்றுவார்கள். வாயைத் திறக்காதேடி, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். விளக்கை விட்டுப்போனது முதலாளி என்று அந்தக் காவல்காரனுக்கும் தெரியும்தானே? அவன் காட்டிக்கொடுத்தானா?

வழியோரம்

ஏப்ரல் 4, வெள்ளி மாலை

நான் காவல்காரன் இல்லை. திங்கள், பத்து மணி.

ஏப்ரல் 7, திங்கள்

வழியோரமே,

வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை. மணி பத்தானதும் எழுந்து, உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

தலைவர் ஓர் உறையை எடுத்தார். சனிக்கிழமையே கொண்டுவந்து கொடுத்தாயாமே. ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? 'பூட்டியிருந்த இழுப்பறையை அவளுக்குத் தெரியாமல் திறந்தேன்' என்று உன் கையெழுத்தில் படித்தபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"அப்போ உங்க மேல ஒரு தப்பும் இல்ல மேடம். நாளைக்கே வேலைக்கு வரலாம்" என்றார். தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தேன். குடித்து முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. அப்படியே எழுந்து வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். உன்னிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பிறகு சொன்னேன்: "அந்த மேசைக்கு இழுப்பறையே கிடையாது சார். தாளை வெளியில போட்டுட்டுப் போனது நான்தான்."

தலைவர் பேனாவை மூடி வைத்தார். என் துறைத்தலைவர் பதவி போய்விட்டது, வேலை நிலைக்குமா என்பது அடுத்த மாதம் தெரியும். உன் டியூஷனை மூடச் சொல்லி இன்று கடிதம் வரும். உன் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை, சீக்கிரம் தீரும் என்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. வெறுங்கையோடு வா.

ஜன்னலோரம்