கார்டில் எடுத்த ரொக்கம்

என்னங்க,

கையில் காசு கொடுத்தால் கரைத்துவிடுவேன் என்று, உங்கள் கணக்கில் என் பெயர் போட்ட கிரெடிட் கார்டைக் கொடுத்தீர்கள். எங்கே தேய்த்தாலும் உங்கள் போனுக்கு மெசேஜ் போகும். மருந்துக் கடையை விட்டு இறங்குவதற்குள், "இப்ப என்ன வாங்கின?" என்பீர்கள்.

இன்று அதே கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தேன். "கார்டுல பணமா எடுத்தா தனியா கட்டணம், அன்னிக்கே வட்டி. எந்த முட்டாள் எடுப்பான்?" என்று சிரித்தீர்களே, நினைவிருக்கிறது.

மெசேஜ் வந்திருக்கும். என் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, நீங்கள்தான். பஸ் டிக்கெட்டை ரொக்கம் கொடுத்து வாங்கிவிட்டேன். எந்த ஊருக்கென்று உங்கள் போன் சொல்லாது.

கார்டு இந்தக் கடிதத்தின் அடியில் இருக்கிறது. கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். பன்னிரண்டு வருஷத்தில், எனக்காக நீங்கள் கேள்வி கேட்காமல் கட்டப்போகும் பணம் அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உங்கள் கார்டில் பெயர் மட்டும் இருந்தவள்