இரண்டு விரல் இனாம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதனால் நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய அப்பாவின் முப்பரிமாண உருவத்தைப் பார்த்தோம். போன மாதம் வந்தபோது அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூச்சுகூட விடக்கூடாது என்று மிரட்டி, சுற்றிச் சுற்றி இருநூறு படம் எடுத்தாயே, அது வீண்போகவில்லை. மூக்குக்கண்ணாடி அழுத்திய தழும்பு, சட்டைக் காலரில் நைந்த நூல், எல்லாம் அச்சு அசல். திரையில் விரலால் தள்ளினால் அப்பா திரும்புகிறார்.

ஆனால் இடது கையில் ஐந்து விரல் எங்கிருந்து வந்தது?

போனில் கேட்டால், அந்தக் கை பாக்கெட்டுக்குள் இருந்ததால் படத்தில் விழவில்லை, வலது கையையே பிரதி எடுத்துப் புரட்டி ஒட்டிவிட்டேன், எல்லாரும் செய்வதுதான் என்கிறாய். நான் தையல்காரி. இரண்டு தோளும் ஒன்றுபோல இருக்கிற ஆளை இதுவரை பார்த்ததில்லை. கோணல் தோளுக்குக் கோணலாகத்தான் துணி வெட்டுவேன். படித்த உனக்கு அந்தப் புத்திகூட இல்லையா?

அவர் ஏன் கையை ஒளித்தார் என்று யோசித்தாயா? ஆலை மெஷின் இரண்டு விரலை எடுத்தபோது நீ ஏழாம் வகுப்பு. உன் பள்ளி விழாவுக்குக் கிளம்பியவரிடம், "கையப் பாக்கெட்டுக்குள்ளயே வெச்சுக்கோப்பா, பசங்க சிரிப்பாங்க" என்று சொன்னவன் நீதான். அன்றிலிருந்து உன் எதிரில் மட்டும் அந்தக் கை வெளியே வந்ததே இல்லை. நீ மறந்துவிட்டாய், அவர் மறக்கவில்லை.

உருவத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பரவால்லையே, ரெண்டு வெரல இனாமாக் குடுத்திருக்கான்" என்றார். மறுநாளிலிருந்து என் முன்னாலும் கை துண்டுக்குள் போய்விட்டது. அந்த மூன்று விரலால் துணியைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தவர், இப்போது ஊசியைத் தொடுவதில்லை.

இந்த உருவத்தை அடுத்த மாதம் உங்கள் ஸ்டுடியோ கண்காட்சியில் பெரிய திரையில் போடப்போகிறாயாம். போட்டால் என் முகத்தில் விழிக்காதே. லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வா. அந்தக் கையை நீயே வெளியே எடுத்து உன் மடியில் வைத்துக்கொள். கேமராவை அப்புறம் தொடலாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆசீர்வாதம் என்று எழுதச் சொன்னார் அப்பா. நான் எழுதமாட்டேன். நேரில் வந்து அந்தக் கையாலேயே வாங்கிக்கொள்.

உன் அக்கா