நெற்றியில் குங்குமம் இடுவது கல்யாண வாக்கு ஆகாது எனச் சான்று கோருதல்

அனுப்புநர்:
கு. சந்திரகலா,
க/பெ. குமரேசன்,
தேநீர்க் கடை, கிரிவலப் பாதை,
அடி அண்ணாமலை,
திருவண்ணாமலை வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவண்ணாமலை.

பொருள்: வெளிநாட்டில் கொலை செய்யப்பட்ட என் மகள் கவிநிலாவின் வழக்கு – எங்கள் ஊர் வழக்கம் பற்றி அந்நாட்டு நீதிமன்றத்தில் சொல்லப்பட்டுள்ள பொய் – உண்மை நிலையைச் சான்றளிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் என் கணவருடன் கிரிவலப் பாதையோரம் தேநீர்க் கடை நடத்தி வருகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். இந்த மனுவை நானேதான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் வந்த மின்னஞ்சல்களை மட்டும் என் மகன் ஆதவன் படித்துப் பொருள் சொன்னான்.

1. என் மூத்த மகள் கவிநிலா, வயது 27, வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்தாள். கடந்த மே மாதம் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் ஜார்ஜியா நாட்டு மலைப் பகுதிகளைச் சுற்றிப் பார்க்கத் தனியாகச் சென்றாள். திருட்டுத்தனமாகப் போகவில்லை. நாங்கள்தான் விமான நிலையம் வரை போய் வழியனுப்பினோம். துக்கம் விசாரிக்க வந்தவர்களே "பொண்ண எதுக்குங்க தனியா அனுப்புனீங்க?" என்று கேட்டார்கள். தங்கள் அலுவலகத்திலும் யாராவது கேட்கக்கூடும் என்பதால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். எங்கள் கடை வழியாக எத்தனையோ நாட்டுப் பெண்கள் தனியாக நடந்து போகிறார்கள். டீ குடிக்கிறார்கள், வழி கேட்கிறார்கள், பத்திரமாக ஊர் திரும்புகிறார்கள். அவர்களைப் பெற்றவர்களை நாம் யாரும் குறை சொல்வதில்லை. என் மகளும் அப்படிப் போனவள்தான்.

2. அங்கே ஒரு மலைக் கிராமத்தில், இரண்டு நாள் அவளுக்கு இடங்களைச் சுற்றிக் காட்டிய வாடகைக் கார் ஓட்டுநர் அவளைக் கொன்றுவிட்டான். மறுநாளும் தன்னோடு வரச் சொல்லி அவன் வற்புறுத்தியதாகவும், தான் முடியாது என்று சொல்லிவிட்டதாகவும், பேருந்தில் போகப்போவதாகவும் தங்கியிருந்த விடுதிக்கார அம்மாளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள். பேருந்து நிற்கும் இடத்துக்குப் போகிற வழியில் மறித்துக் கழுத்தை நெரித்திருக்கிறான். பிடிபட்டு, செய்ததை ஒப்புக்கொண்டும் விட்டான். அந்த நாட்டுக் காவல் துறை மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவன் பெயர் இணைப்பில் இருக்கிறது. என் கையால் எழுத மனம் வரவில்லை.

3. இப்போது அவனுடைய வக்கீல் ஒரு புகைப்படத்தை நீதிமன்றத்தில் கொடுத்திருக்கிறார். அதில் என் மகள் சிரித்துக்கொண்டே அவன் நெற்றியில் குங்குமம் இடுகிறாள். இந்து சமயத்தில் ஒரு பெண் ஒருவனுக்குச் சிவப்புப் பொடி இட்டால் அது கல்யாணத்துக்குச் சம்மதம் என்றும், சம்மதித்துவிட்டு மறுநாள் ஏமாற்றிவிட்டுக் கிளம்பியதால் திடீர் ஆத்திரத்தில் நடந்துவிட்டது என்றும், அதனால் தண்டனையைக் குறைக்க வேண்டும் என்றும் வாதாடுகிறார். எந்த ஊரில் ஐயா இப்படி ஒரு கல்யாணம் நடக்கிறது? இதை ஆதவன் படித்துச் சொன்ன அன்று எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

4. நடந்தது இதுதான். பௌர்ணமிதோறும் எங்கள் கடை முன்பு ஒரு மேசை போட்டு, தண்ணீரும் ஒரு தட்டில் விபூதி குங்குமமும் வைப்போம். நடந்து வருகிறவர்கள் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். கையில் குழந்தையோ பையோ வைத்திருப்பவர்களுக்கு நாங்கள் இட்டுவிடுவோம். வெளிநாட்டுக்காரர்கள் விஷயம் வேறு. கையில் கொடுத்தால் தின்கிற பொருள் என்று நினைத்து வாயில் போட்டுவிடுவார்கள். பிறகு துப்புவார்கள், தண்ணீர் கேட்பார்கள், பாவமாக இருக்கும். அதனால் அவர்களைக் கண்டால் கையில் கொடுக்காமல் நெற்றியில் இட்டு அனுப்புவது கவிநிலாவின் வழக்கம். பள்ளிக்கூடம் போன நாள் முதல் அந்த மேசை அவள் பொறுப்பு. ஆண், பெண், கிழவர், போலீஸ்காரர் என்று அவள் பார்த்ததே இல்லை. அது கல்யாணம் என்றால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் என் வீட்டுக்கு ஆயிரம் மருமகன்கள் வந்திருக்க வேண்டும். ஒருவரும் வரவில்லை என்பதை உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. ஊரிலிருந்து கொண்டுபோன குங்குமப் பொட்டலத்தை அவள் அங்கேயும் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறாள். விடுதிக்கார அம்மாள் நெற்றியிலும், ரொட்டிக் கடைக்காரர் நெற்றியிலும் குங்குமம் இருக்கிற படங்கள் எங்களிடம் உள்ளன. அந்த ஓட்டுநரோடு எடுத்தது ஒரு படம் அல்ல, மூன்று. முதல் படத்தில் அவன் நாக்கும் உதடும் சிவப்பாக இருக்கின்றன, முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறான். இரண்டாவதில் அவன் வாய் கொப்பளிக்கிறான். மூன்றாவதில்தான் கவிநிலா அவன் நெற்றியில் இடுகிறாள். மூன்றையும் அன்றைக்கே எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, "நெத்தியில வைக்கிறதுக்குள்ள இவரும் எடுத்து வாயில போட்டுட்டாரு மா" என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்து நானும் கடையில் நின்றபடி சிரித்தேன். வக்கீல் மூன்றாவது படத்தை மட்டும் கொடுத்திருக்கிறார்.

6. அந்நாட்டு அரசு வழக்கறிஞர் எங்களுக்கு எழுதியதில், இந்த வழக்கத்தைப் பற்றி அவளுடைய சொந்த மாவட்டத்தின் பொறுப்பு அதிகாரி கையெழுத்திட்ட ஓர் ஆவணம் அக்டோபர் 21 விசாரணைக்கு முன் வந்தால், மற்ற இரண்டு படங்களோடு சேர்த்துத் தாக்கல் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். இதற்காக இரண்டு அலுவலகங்களுக்கு நடந்தேன். ஓரிடத்தில், "சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று இருக்குதுங்க, இதுக்கு ஃபார்மட்டே இல்லியே மா" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. இன்னோரிடத்தில் ஒரு பெரியவர் மனம் இரங்கி, "உங்க பொண்ணு ஆம்பளைங்களோட பேசிப் பழகாத ஒழுக்கமான பொண்ணுன்னு வேணா எழுதித் தரேன், அதுதான் கோர்ட்ல ஜாஸ்தி எடுபடும்" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஏன் என்றால் அது பொய், ஐயா. என் மகள் ஆண்களோடு பேசுவாள், சிரிப்பாள். மருத்துவமனையில் கால் முறிந்து வந்த ஆண்களைத் தோளில் தாங்கி நடக்கப் பழக்கினாள். அந்த ஓட்டுநரிடமும் சிரித்துத்தான் பேசியிருப்பாள். அதற்காக அவளைக் கொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஒரு பொய்யை உடைக்க இன்னொரு பொய்யை நான் வாங்கிக்கொண்டு போகமாட்டேன். அவள் எப்படி இருந்தாளோ அப்படியே அந்த நீதிமன்றத்தில் நிற்கட்டும்.

7. ஆகவே, முன்பின் தெரியாதவர்களுக்கும் நெற்றியில் விபூதி குங்குமம் இடுவது திருவண்ணாமலையில் அன்றாட வழக்கம், அதனால் எந்த உறவும் வாக்கும் ஏற்படுவதில்லை என்ற ஒரே செய்தியைத் தங்கள் கையொப்பம், முத்திரையுடன் தமிழிலும் ஆங்கிலத்திலும் சான்றளித்து, இந்தியத் தூதரகம் வழியாக உரிய காலத்தில் அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இது சலுகை அல்ல, உள்ளதை உள்ளபடி சொல்வது. தாங்கள் செய்வீர்கள் என்ற நம்பிக்கையோடுதான் கடையை மூடிவிட்டு வந்து இந்த மனுவைக் கொடுக்கிறேன்.

கள ஆய்வு செய்யாமல் சான்று தர விதி இடம் கொடுக்காது என்றால், அதற்கும் வழி இருக்கிறது. அக்டோபர் 6 பௌர்ணமி. இப்போது அந்த மேசையில் நான்தான் நிற்கிறேன். தாங்கள் நேரில் வந்து பார்க்கலாம். வருகிறவர்கள் எல்லோருக்கும் இடுவதுபோல் தங்கள் நெற்றியிலும் இட்டுவிடுவேன். அதன் பிறகு தங்களுக்கும் எனக்கும் என்ன உறவு உண்டாயிற்று என்பதைத் தாங்களே எழுதிக் கையொப்பமிட்டால் போதும்.

இடம்: திருவண்ணாமலை
நாள்: 22.09.2025

இப்படிக்கு,
கு. சந்திரகலா
(கவிநிலாவின் தாய்)

இணைப்பு: புகைப்படங்கள், அந்நாட்டு அரசு வழக்கறிஞரின் மின்னஞ்சல், முதல் தகவல் அறிக்கையின் மொழிபெயர்ப்பு நகல்.